சொல் துலங்க ஒலி திருத்திய வரலாறு

ஒலி காற்றிற் பிறந்து காற்றிற் கரைவது. கரைவதற்குள் அது கேட்போர் செவியிற் புகுந்து பொருளாகத் துலங்க வேண்டும். அவ்வாறு துலங்கச் செய்வதற்கு மாந்தர் காலந்தோறும் கையாண்ட வழிகளின் வரலாறு, மொழியின் வரலாற்றோடு பிணைந்ததாகும்.

தென் ஜொகூரில், குளுவாங் மாவட்டத்தில், ரெங்கத்துக்கும் கூலாய்க்கும் இடைப்பட்ட இருப்புப்பாதையின் ஓரமாக அமைந்த சிற்றூர் லாயாங் லாயாங். மலாய் மொழியில் அப்பெயர் காற்றாடிப் பட்டத்தையும் தகைவிலான் குருவியையும் குறிக்கும். இரண்டும் காற்றில் மிதப்பவை. காற்றில் மிதந்துவரும் ஒலியைப் பற்றிப் பேசுவதற்கு அவ்வூர் பொருத்தமானதே. ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த தோட்டங்களின் நடுவே வளர்ந்த இத்தகைய ஊர்களிலும் இன்று அகன்ற திரையும், அதனைச் சூழ ஐந்தாறு ஒலிபெருக்கிப் பெட்டிகளும் கொண்ட இல்லங்களைக் காணலாம். ‘ஹோம் தியேட்டர்’ என்று மக்கள் வழங்கும் இவ்வமைப்பின் தலைமைக் கருவி ரிசீவர் எனப்படும். வட்டிலிருந்தோ தொலைக்காட்சியிலிருந்தோ வரும் ஒலியைப் பெற்று, பெருக்கி, பகுத்து, இன்ன பகுதி இன்ன பெட்டிக்கு என்று அனுப்புவது அதன் பணி.

கருவி வந்துவிட்டது, அதனைத் திருத்தி அமைக்கும் பழக்கம் எல்லா வீட்டுக்கும் வந்துவிடவில்லை. கடைக்காரர் பொருத்திவிட்டுப் போன நிலையிலேயே பல ஆண்டுகள் பெட்டி கிடக்கிறது. படத்தில் வெடி வெடித்தால் சன்னற் கண்ணாடி அதிர்கிறது. தாயும் மகனும் உரையாடினால் ஒரு சொல்லும் விளங்குவதில்லை. பேச்சைக் கேட்க வேண்டி ஒலியைக் கூட்டுவர். அடுத்த கணம் சண்டைக்காட்சி இடியென முழங்க, பதறிக் குறைப்பர். இக்குறையைத் தீர்க்கும் வழி அப்பெட்டியிலேயே உள்ளது. அதிலுள்ள ஒவ்வொரு திருகுக்கும் ஒவ்வொரு பொத்தானுக்கும் பின்னால் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறிந்தவர், திருகைத் திருப்புவதன் பொருளையும் அறிவர்.

பண்டையோர் கண்ட அளவு

ஒலியை அரங்குக்கு ஏற்ப அமைக்கும் அறிவு தமிழர்க்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை மாதவியின் ஆடலை மட்டும் கூறி அமையவில்லை. ஆடுமிடத்தின் அளவையும் அது கூறுகிறது. அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், தரையினின்றும் உயரம் ஒரு கோல் என்பது அவ்வரங்கின் கணக்கு. இசைக்கும் இடம் அளவோடு அமைந்தாலன்றி இசை அளவோடு அமையாது என்பதை அக்காலத்தார் உணர்ந்திருந்தனர்.

அக்காதை ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமை முதல்வன், குழலோன், யாழாசிரியன் என ஒவ்வொருவர்க்கும் உரிய தகுதியைத் தனித்தனியே வகுத்துரைக்கிறது. அவற்றுள் தண்ணுமை முதல்வனுக்குக் கூறப்படும் தகுதி ஈண்டுச் சிறப்பாக நோக்கத்தக்கது. பிற கருவிகளின் ஓசை குறையுமிடத்தில் அவன் நிரப்ப வேண்டும். மிகுமிடத்தில் அடக்க வேண்டும். தன் முழக்கம் பிறவற்றை விழுங்காதபடி காக்க வேண்டும். முழக்கும் ஆற்றல் உடையவனிடமே அடக்கும் கடமையும் ஒப்படைக்கப்பட்டது. இன்றைய ரிசீவர் செய்ய வேண்டிய வேலையும் இதுவே. ஒவ்வொரு பெட்டியும் தன் அளவில் ஒலிக்க வேண்டும். ஒன்று மற்றொன்றை மூழ்கடித்தல் ஆகாது.

மிருதங்கம் வாசிப்போர் இன்றும் கடைப்பிடிக்கும் முறை ஒன்றும் இதற்குத் தக்க சான்று. கச்சேரி தொடங்குமுன் இடப்பக்கமாகிய தொப்பியின் நடுவில் நீரிற் பிசைந்த ரவையை அப்புவர். தோலின் எடை கூடுவதால் ஓசை தாழ்ந்து ஆழ்ந்து ஒலிக்கும். மிகுதியாயின் சிறிது கிள்ளி எடுப்பர், குறைவாயின் சேர்ப்பர். வலப்பக்கத்தையோ விளிம்பிற் கல்லாலும் கட்டையாலும் தட்டிச் சுருதிக்குக் கொணர்வர். திருச்சிராப்பள்ளியிற் பிறந்த அறிவியலறிஞர் ச. வெ. இராமன், இத்தகைய இந்தியத் தோற்கருவிகள் பிற நாட்டு முழவுகளைப் போலன்றி இசைவான மேற்சுரங்களை எழுப்புகின்றன என்பதையும், நடுவில் இடப்படும் கருநிறப் பூச்சே அதற்குக் காரணம் என்பதையும் 1920ஆம் ஆண்டில் ஆய்ந்து வெளியிட்டார். தாழொலியை வேண்டுமளவு கூட்டவும் குறைக்கவும் மின்சாரம் தோன்றுவதற்கு முன்பே ஒரு வழி இருந்தது. அது வாசிப்பவரின் விரல்நுனியில் இருந்தது.

ஜொகூரில் எழுந்த முதல் ஒலி

ஜொகூர் அரசின் இருப்புப்பாதை 1909ஆம் ஆண்டில் முடிவுற்று, ஜொகூர் பாருவைக் கிம்மாஸ் வழியாக வடபுலத்தோடு இணைத்தது. அப்பாதையின் இருமருங்கும் காடு திருத்தப்பட்டு ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. தமிழ்நாட்டினின்றும் வந்த தொழிலாளர் அத்தோட்டங்களின் லயன் வீடுகளிற் குடியேறினர். பெரட்டுக்கு அழைக்கும் தட்டொலியும், கோயில் மணியும், மாரியம்மன் திருவிழாவின் உறுமியும் தப்பும் அவர்கள் அறிந்த பொது ஒலிகளாக இருந்தன. கதையும் செய்தியும் வாய்மொழியாகவே பரவின.

மலாயாவில் முதல் வானொலிக் கருவி நுழைந்த இடமும் ஜொகூரே. ஜொகூர் அரசின் மின்துறையிற் பணியாற்றிய ஏ. எல். பர்ச் என்பவர் 1921ஆம் ஆண்டில் அக்கருவியைக் கொணர்ந்தார். பின்னர் ஜொகூர் கம்பியில்லாச் சங்கத்தை நிறுவி, 300 மீட்டர் அலைநீளத்தில் ஒலிபரப்பத் தொடங்கினார். மின்னலை ஒரு நொடியில் முப்பது கோடி மீட்டர் செல்வது. அதனை முந்நூறால் வகுத்தால் நொடிக்குப் பத்து இலட்சம் அலைவு என்பது பெறப்படும். இக்காலத்து மத்திய அலை வரிசையின் நடுவிடம் ஏறக்குறைய அதுவே.

தமிழகத்திலும் அதே காலத்தில் அம்முயற்சி முளைத்தது. 1924ஆம் ஆண்டில் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றியது. கழகம் தளர்ந்தபோது சென்னை மாநகராட்சி 1930ஆம் ஆண்டில் ஒலிபரப்பை ஏற்று நடத்தியது. வீட்டிற் கருவி இல்லாதோர் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வழியே கேட்டனர். 1938ஆம் ஆண்டு சூன் 16ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் எழுந்தது. மலாயாவிலோ 1930ஆம் ஆண்டில் கோலாலம்பூரின் பெட்டாலிங் குன்றிலிருந்து ஆர்வலர் சங்கம் ஒன்று ஒலிபரப்பியது. 1937ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் சிங்கப்பூரின் கால்டிகாட் குன்றில் பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகத்தின் நிலையம் திறக்கப்பட்டது. லாயாங் லாயாங்கினின்றும் அக்குன்று நூறு கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவே.

தொடக்ககாலப் படிகக் கருவிக்கு மின்கலமும் இல்லை. ஒலியைக் கூட்டும் திருகும் இல்லை. காதிற் பொருத்திய குழலில் எவ்வளவு கேட்டதோ அவ்வளவே கேள்வி. வெற்றிடக் குழல்கள் கொண்ட பெட்டிகள் வந்த பிறகுதான் கூட்டுதல், குறைத்தல் என்பன கேட்பவர் கைக்கு வந்தன. 1935ஆம் ஆண்டு முதல் சில பெட்டிகளின் முகப்பிற் பச்சை ஒளி வீசும் சிறு கண் ஒன்று பொருத்தப்பட்டது. நிலையம் சரியாகப் பிடிபட்டால் அக்கண்ணின் நிழல் குறுகும், விலகினால் விரியும். செவி செய்ய வேண்டிய ஆய்வுக்குக் கண் துணைவந்த முதல் நிலை இதுவாகும்.

பொதுப்பெட்டியும் தனிச்செவியும்

சப்பானியர் ஆட்சிக்காலத்தில் (1942–1945) வெளிநாட்டு ஒலிபரப்பைக் கேட்பது கடுந்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. சிற்றலை பிடிக்க இயலாதபடி பெட்டிகள் மாற்றப்பட்டன. அதனை மீறி மறைவிற் கேட்டோர், ஒலியை இயன்றவரை தாழ்த்தி, செவியைப் பெட்டியோடு ஒட்டிக் கேட்டனர். ஒலியைக் குறைக்கும் திருகு உயிரைக் காக்கும் திருகாயிற்று. நேதாசி சுபாசு சந்திர போசு 1943ஆம் ஆண்டில் சிங்கப்பூர் வந்தபின் அங்கிருந்து எழுந்த ஆசாத் இந்து வானொலியின் முழக்கமோ, கூட்டங்களிற் பெருகி ஒலித்தது. ஒரே கருவி ஒருவர்க்கு முணுமுணுப்பாகவும் பலர்க்கு முழக்கமாகவும் அமைந்த காலம் அது.

போருக்குப்பின் 1946ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் ஒலிபரப்புத்துறை நிறுவப்பட்டு, ரேடியோ மலாயா தமிழிலும் ஒலித்தது. 1948இல் அவசரகாலம் தொடங்கியது. அரசின் செய்தி மக்களைச் சென்றடைய வேண்டும் என்னும் நோக்கத்தால் தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் கம்பங்களிலும் பொதுக் கேட்பு வானொலிகள் வைக்கப்பட்டன. மாலையில் வேலை முடித்துக் குளித்து வந்தோர் பெட்டியைச் சூழ அமர்ந்து செய்தியும் பாட்டும் நாடகமும் கேட்டனர். செய்திப்படம் காட்டும் ஊர்திகளும் தோட்டத் திடல்களுக்கு வந்தன. வெண்திரையின் அருகே கட்டிய கூம்பு ஒலிபெருக்கி உரக்க ஒலித்தது.

பொதுப்பெட்டியின் திருகு ஒருவர் கையில் இருந்தது, செவிகளோ நூற்றுவருடையவை. முன்வரிசைக்கு மிகுந்த ஒலி, பின்வரிசைக்குக் குறைந்தது. கூம்பு ஒலிபெருக்கி தொலைவுக்கு எட்டுமாயினும் தாழொலியைத் தாராது. கீச்செனும் மேலோசையே மிகும். எனினும் அதில் ஒரு நன்மை இருந்தது. மெய்யெழுத்துகளை வேறுபடுத்தும் நுண்ணொலிகள் அம்மேற்பகுதியில் இருந்தமையால், இனிமை குன்றினும் சொல் பிழைத்தது. அதனாற்றான் தோட்டத்து முதியோர் பலர், எழுத்தறியாதிருந்தும், வானொலித் தமிழின் திருத்தமான உச்சரிப்பைச் செவிவழியே கற்றுத் தம் பேச்சில் அமைத்துக் கொண்டனர்.

மலாயா விடுதலை பெற்று, 1959ஆம் ஆண்டில் ரேடியோ மலாயா சிங்கப்பூரினின்றும் பிரிந்து கோலாலம்பூரில் நிலைகொண்டது. 1963ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் அது மலேசிய வானொலியாயிற்று. அவ்வாண்டு திசம்பர் 28ஆம் நாள் தொலைக்காட்சியும் தோன்றியது. எழுத்தாளர் ரெ. கார்த்திகேசு போன்றோர் வானொலியிற் பணியாற்றி மொழித்திருத்தம் பேணினர். பள்ளிகளுக்கென ஒலிபரப்பான பாடங்களை ஆசிரியர் வகுப்பிற் கேட்பித்தனர். 1972ஆம் ஆண்டு சூன் 19ஆம் நாள் கல்வித் தொலைக்காட்சி தொடங்கிற்று. வகுப்பறையில் பெட்டியை எங்கே வைப்பது, எவ்வளவு கூட்டுவது, கடைசி வரிசை மாணவனுக்கும் ழகரம் தெளிவாகக் கேட்கிறதா என்பன ஆசிரியரின் கவலைகளாயின.

தாழொலியும் மேலொலியும்

ஒலியைக் கூட்டினால் மட்டும் போதுமா? போதாது என்பதை 1933ஆம் ஆண்டில் அமெரிக்கப் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃபிளெச்சரும் மன்சனும் நிறுவினர். மனிதச் செவி எல்லா ஒலிகளையும் ஒரே தன்மையாகக் கேட்பதில்லை. ஒலி மெலிந்திருக்கும்போது ஆழ்ந்த ஒலிகள் செவிக்கு மிகக் குறைவாகவே எட்டுகின்றன; நடுத்தர ஒலிகளோ அத்துணைக் குறைவதில்லை. மறைவில் வானொலி கேட்டவர்க்கு முரசின் ஒலி மறைந்து பேச்சு மட்டும் எஞ்சியதன் காரணம் இதுவே. ஒலிப்பெட்டிகளில் ‘லவுட்னஸ்’ என்று பொறித்த பொத்தான் இக்கண்டுபிடிப்பின் பயனாகும். தாழ்ந்த ஒலியிற் கேட்கும்போது இழந்த ஆழத்தை அது ஈடு செய்கிறது. உரக்கக் கேட்கும்போதும் அதனை அழுத்தியே வைத்திருப்பது, உப்பிட்ட குழம்பில் மீண்டும் உப்பிடுவதை ஒக்கும்.

தாழொலிக்கு ஒன்றும் மேலொலிக்கு ஒன்றுமாக இரு திருகுகள் எளிய பெட்டிகளிலும் இடம்பெற்றதற்கு, 1952ஆம் ஆண்டில் ஆங்கிலப் பொறியாளர் பீட்டர் பாக்சண்டால் வெளியிட்ட மின்சுற்று பெரிதும் துணைபுரிந்தது. இரண்டையும் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் அது வழிவகுத்தது. அவர் அதனைத் தமக்கென உரிமைப்படுத்திக் கொள்ளாமல் இதழில் வெளியிட்டமையால் உலகெங்கும் பரவியது.

1947இற் கண்டுபிடிக்கப்பட்ட டிரான்சிஸ்டர், 1954 முதல் கையடக்க வானொலியாக உருவெடுத்தது. இரவிற் சில மணிநேரமே மின்சாரம் பெற்ற தோட்டங்களுக்கு அது பெருவரமாயிற்று. பொதுப்பெட்டியைச் சூழ்ந்திருந்த கூட்டம் கலைந்து, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெட்டி பாடத் தொடங்கியது. பால்மரம் சீவும் நிரையிலும் அதன் குரல் கேட்டது. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஒலிப்பேழை பின்னர்ப் பரவியபோது, எதைக் கேட்பது என்னும் உரிமையும் கேட்பவர் கைக்கு வந்தது. உரிமை வந்ததும் ஒலி வளர்ந்தது. தாழொலித் திருகை இறுதிவரை திருப்புவதே பெட்டியின் பெருமை எனக் கருதும் வழக்கமும் உடன் வந்தது.

இரு செவிக்கு இரு வழி

முதல் தமிழ்ப் பேசும்படமாகிய காளிதாஸ் சென்னையில் வெளியானது 1931ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள். அக்காலப் படங்களில் ஒலி ஒரே வழியில் வந்தது. நடிகர் திரையின் வலக்கோடியில் நின்றாலும் இடக்கோடியில் நின்றாலும் குரல் ஓரிடத்திலிருந்தே எழுந்தது. இம்முரண்பாட்டைத் திரையரங்கில் உணர்ந்த ஆங்கிலப் பொறியாளர் ஆலன் புளூம்லைன், அதனைத் தீர்க்கும் வழியைச் சிந்தித்தார் என்பர். அவ்வாண்டு திசம்பரிலேயே இருவழி ஒலிக்கான காப்புரிமைக்கு அவர் விண்ணப்பித்தார். இடச்செவிக்கும் வலச்செவிக்கும் சிறிதே வேறுபட்ட ஒலியை அளித்தால், கேட்பவர் மனத்தில் ஒலிக்கு இடமும் பரப்பும் தோன்றும் என்பது அதன் உட்பொருள்.

1933ஆம் ஆண்டு ஏப்பிரல் 27ஆம் நாள் அமெரிக்காவில் ஓர் அரிய செயல் நிகழ்ந்தது. பிலடெல்பியா நகரில் இசைக்குழு வாசித்தது. அதன் ஒலி மூன்று கம்பிவழிகளில் வாஷிங்டன் நகர அரங்கை அடைந்தது. குழுவின் தலைவர் ஸ்டோகோவ்ஸ்கி வாத்தியக்காரர் முன் நிற்கவில்லை. வேறொருவரை அங்கே நிறுத்திவிட்டு, தாம் வாஷிங்டன் அரங்கில் ஒலித்திருகுகளின் முன் அமர்ந்தார். எங்கே கூட்டுவது, எங்கே அடக்குவது என்பதை அவரே தீர்மானித்தார். கேட்குமிடத்திற் செய்யப்படும் திருத்தமும் இசையின் ஒரு பகுதியே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. தண்ணுமை முதல்வனின் கடமை ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழித்து மின்திருகின் வடிவில் மீண்டது எனலாம்.

இருவழி இசைத்தட்டுகள் 1958 முதல் பெருவழக்காயின. தமிழ்த் திரையிசையில், 1978இல் வெளிவந்த, சிங்கப்பூரிற் படமாக்கப்பட்ட பிரியா படத்தின் பாடல்கள் ஸ்டீரியோ முறையிற் பதிவாகி வந்தன. இசை அமைத்தவர் இளையராஜா. மலேசியத் தமிழ் இல்லங்களில் அப்பாடல்களை இரு பெட்டிகளின் நடுவே அமர்ந்து கேட்டோர், ‘பேலன்ஸ்’ என்னும் திருகின் பொருளை அப்போதுதான் உணர்ந்தனர். இடமும் வலமும் ஒத்திருந்தால் பாடகர் நடுவில் நிற்பதுபோல் தோன்றும். ஒருபால் மிகுந்தால் அவர் அப்பால் நகர்ந்துவிடுவார். குரலை நடுவில் நிறுத்துவதே அத்திருகின் வேலை.

கூடத்தில் அமைந்த அரங்கு

திரையரங்கில் 1992 முதல் ஒலி ஆறு வழிகளாகப் பிரிந்தது. முன்புறம் இடம், நடு, வலம் என மூன்று, பின்புறம் இரண்டு, ஆழ்ந்த ஒலிக்கென ஒன்று. கடைசி வழி மிகக் குறுகிய பகுதியையே சுமப்பதால் அதனைப் பத்தில் ஒன்றாகக் கருதி, ‘ஐந்து புள்ளி ஒன்று’ என்பர். 1995இல் வெளிவந்த குருதிப்புனல் படத்தின் வழியே இந்தியத் திரையில் டால்பி எஸ்ஆர் ஒலியமைப்பு புகழ்பெற்றது. 1996ஆம் ஆண்டின் இறுதியில் டிவிடி வட்டு தோன்றியபின், திரையரங்கின் ஆறு வழிகளும் இல்லத்தை வந்தடைந்தன. அவற்றைத் திருத்தும் பொறுப்பும் உடன் வந்தது. அத்திருத்தம் ஐந்து படிகளைக் கொண்டது.

முதற்படி இடவமைப்பு. அமர்ந்திருப்பவரின் நேர்முன்னே நடுப்பெட்டி இருக்க வேண்டும். இட வலப் பெட்டிகள் அதனின்றும் முப்பது பாகை விலகி நிற்க வேண்டும். பின்பெட்டிகள் நூறு முதல் நூற்றிருபது பாகைக்குள், செவிக்குப் பக்கவாட்டிற் சற்றுப் பின்னே அமைய வேண்டும். 1992இல் அனைத்துலகத் தொலைத்தொடர்பு அமைப்பு பரிந்துரைத்த அமைப்பு இதுவே. நடுப்பெட்டியை அலமாரியின் அடித்தட்டில் ஒளித்துவைப்பது, பாடகரை மேடைக்குக் கீழே அமர்த்துவதற்கு ஒப்பாகும்.

இரண்டாம் படி தொலைவு. ரிசீவர் ஒவ்வொரு பெட்டியின் தொலைவையும் வினவும். வெப்பநாட்டுக் காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் செல்லும். ஒரு மீட்டரைக் கடக்க நொடியின் ஆயிரத்தில் மூன்று பங்கு ஆகும். முன்பெட்டி மூன்று மீட்டரிலும் பின்பெட்டி ஒன்றரை மீட்டரிலும் இருந்தால், பின்னொலி ஆயிரத்தில் நான்கு பங்குக்குச் சற்று மேலான நேரம் முந்திவரும். செவி முதலில் வந்த ஒலியின் திசையையே நம்பும் என்பதைச் செருமானிய அறிஞர் ஹெல்முட் ஹாஸ் 1949இல் ஆராய்ந்து காட்டினார். ஆதலின் அண்மைப் பெட்டியின் ஒலியை ரிசீவர் அத்துணை நேரம் தாமதித்து அனுப்ப வேண்டும். அளவுநாடாவால் அளந்து உண்மைத் தொலைவைக் கொடுத்தாலன்றி இக்கணக்கு பிழைபடும்.

மூன்றாம் படி சமனிலை. கருவி ஒவ்வொரு பெட்டியிலும் மாறிமாறி ‘உஸ்’ என்னும் ஆய்வொலியை எழுப்பும். அமருமிடத்தில் இருந்துகொண்டு எல்லாம் ஒரே அளவிற் கேட்கும்வரை ஒவ்வொன்றையும் டெசிபல் கணக்கிற் கூட்டியும் குறைத்தும் அமைக்க வேண்டும். மூன்று டெசிபல் கூட்டினால் பெட்டிக்குச் செல்லும் ஆற்றல் இருமடங்காகும்; பத்து டெசிபல் கூட்டினால் பத்து மடங்காகும். ஆனால் செவிக்கு அப்பத்து மடங்கு, இருமடங்காகவே தோன்றும். சில கருவிகள் ஒலிவாங்கி ஒன்றை உடன் தந்து இவ்வளவையைத் தாமே செய்யும். அப்போதும் ஒலிவாங்கியைத் தலையின் உயரத்தில் வைப்பதும், மின்விசிறியை நிறுத்தி வீட்டை அமைதியாக வைப்பதும் மனிதர் கடமையே.

நான்காம் படி தாழொலியின் எல்லை. சிறு பெட்டிகள் ஆழ்ந்த ஒலியைத் தாங்கா. ஆதலின் அவற்றைச் சிறியவை எனக் குறித்து, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட ஒலியைச் சப்வூஃபர் எனும் தாழொலிப் பெட்டிக்கு விடுவது பெரும்பாலும் நன்று. அவ்வொலியின் அலைநீளம் நான்கு மீட்டருக்கும் மேற்பட்டது. ஆதலின் செவி அதன் திசையை எளிதில் அறியாது. ஆயினும் அறை அறியும். அப்பெட்டியைச் சுவர்மூலையில் வைத்தால் ஒலி பன்மடங்கு வீங்கும். சற்று நகர்த்தினாலே வீக்கம் தணிவதுண்டு. வழுவழுப்பான தரையும் வெறுஞ்சுவரும் மேலொலியை எதிரொலித்துச் சொல்லைக் கலைக்கும். பாயும் திரைச்சீலையும் புத்தக அடுக்கும் அதனை உறிஞ்சும்.

ஐந்தாம் படி சொல்லுக்கு உரியது. படத்தின் உரையாடல் பெரும்பாலும் நடுப்பெட்டி வழியே வரும். சமன் செய்தபின்னும் பேச்சு மங்கினால், நடுப்பெட்டியை மட்டும் இரண்டு மூன்று டெசிபல் உயர்த்தினால் போதும். முழு ஒலியையும் கூட்ட வேண்டா. உறங்கும் குழந்தையுள்ள வீட்டில் இரவு நேர அமைப்பைத் தெரிந்துகொண்டால், முழக்கம் தாழ்ந்து முணுமுணுப்பு உயர்ந்து இரண்டும் நெருங்கிவரும். சொல் ஒரு கணமும் உதடு மறுகணமுமாக வந்தால், ஒலியைத் தாமதிக்கும் அமைப்பு கருவியில் உண்டு.

சொல்லே தலைமை

இவ்வைந்து படிகளையும் மொழிக்கண் கொண்டு நோக்குதல் வேண்டும். மனிதக்குரலின் அடிப்படை அலைவு பெரும்பாலும் நொடிக்கு நூறு முதல் இருநூற்றைம்பது வரை. அது குரலின் கனத்தைத் தரும். லகரம், ளகரம், ழகரம் என்பவற்றைப் பிரித்துணர்த்தும் கூறுகளோ அதற்கு வெகு மேலே, ஆயிரத்துக்கும் மூவாயிரத்துக்கும் இடைப்பட்ட பகுதியிற் பெரிதும் தங்கியுள்ளன. தொலைபேசி 300 முதல் 3,400 வரையிலான ஒலியை மட்டும் அனுப்பியும் பேச்சு விளங்கியதன் காரணம் இதுவே. தாழொலி வீங்கிய பெட்டியில் மறைவது எது? படத்தின் பரபரப்பு மறைவதில்லை. ‘விலை’க்கும் ‘விளை’க்கும் ‘விழை’க்கும் உள்ள வேறுபாடே மறைகிறது. தொல்காப்பியர் எழுத்துகளின் பிறப்பை நாவும் அண்ணமும் பொருந்தும் நுட்பத்தால் வகுத்தார். அந்நுட்பம் கேட்பவர் செவியை அடையாதாயின், அது வாயிலும் நெடுநாள் நில்லாது.

மலேசியத் தமிழ்ப்பிள்ளைகளிற் பலர்க்குத் தமிழ், பள்ளிக்கு வெளியே, பெரும்பாலும் செவிவழியாகவே வருகிறது. தெருவிலும் கடையிலும் மலாயும் பிறமொழிகளும் ஒலிக்கின்றன. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும் உருமாறியும் போக, குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. திண்ணையில் அமர்ந்து கதை சொன்ன பாட்டியின் இடத்தைப் பல வீடுகளில் ஒலிப்பெட்டி பிடித்திருக்கிறது. 2005இல் மின்னல் பண்பலை எனப் பெயர்பெற்ற வானொலியும், படங்களும் பாடல்களுமே அவர்கள் கேட்கும் நீண்ட தமிழ் வாக்கியங்கள். அவ்வாக்கியங்கள் முழக்கத்தில் மூழ்கினால், பிள்ளை தமிழைக் கேட்டும் கேளாதவனாகிறான். பொதுப்பெட்டிக் காலத்து முதியவர் கரகரத்த ஒலியிலிருந்தும் திருத்தமான சொல்லைப் பெற்றார். ஆறு பெட்டிகளின் நடுவே அமர்ந்த பேரன் அதனை இழப்பது காலத்தின் முரண்.

திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களின் பின் கேள்வியை ஓர் அதிகாரமாக வைத்தார். கற்றலுக்கு அடுத்த வாயில் கேட்டலே என்பது அவ்வைப்புமுறையால் விளங்கும். ஆகவே ஆசிரியர்கள் ஒலிப்பெட்டியை வீட்டுப்பொருள் என்று ஒதுக்காமல், அறிவியல் வகுப்பில் ஒலியின் வேகத்தைக் கற்பிக்கும்போது ரிசீவரின் தொலைவுக் கணக்கையும், இலக்கண வகுப்பில் லகர ளகர ழகரம் கற்பிக்கும்போது தாழொலித் திருகின் விளைவையும் காட்டலாம். ஒரே வாக்கியத்தைத் தாழொலி மிகுத்தும் குறைத்தும் கேட்பித்து, எழுதச் செய்து, பிழைகளை எண்ணச் செய்யலாம். மாணவர் அன்று மாலையே தம் வீட்டுப் பெட்டியின் முன் அமர்ந்து, தாயும் தந்தையும் அமருமிடத்திற் சொல் துலங்குகிறதா என்று ஆய்வர்.

படிகக் கருவியினின்றும் பல்வழி அரங்கம்வரை, ஒலியின் ஆளுகை படிப்படியாகக் கேட்பவரின் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. மறைவிற் கேட்டோரும், பொதுப்பெட்டியைச் சூழ்ந்தோரும் பெறாத உரிமை அது. உரிமை பெற்ற கை, முழக்கத்தை அடக்கிச் சொல்லை உயர்த்தக் கற்குமாயின், லாயாங் லாயாங்கின் சிறு கூடமும் தமிழுக்கு நல்லதோர் அரங்காகும்.